‘பறையன்’ என்று ஒரு பத்திரிகை

விபோர்க் நகரத்திலே சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புப் பாடம் சொல்லி வருகிறேன். சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி, தன் டெனிஷ் பாடசாலையிற் கொடுத்த கட்டுரையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “சேர், ‘பாரியா’ எண்டது தமிழ்ச் சொல்லாம். அகராதியிலை கிடக்கு. அது என்ன சொல்?” என்று கேட்டாள்.

உண்மைதான். டெனிஷ் மொழியில் அச்சொல் உண்டு. எவராலும் அண்டப்படாதவன், கூட்டத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். தோல்வியுற்ற அரசியல்வாதியைப் பற்றியும், வேலை நீக்கப்பட்ட விளையாட்டுப் பயிற்றுநரைப் பற்றியும் எழுதும்போது பத்திரிகைகள் அதனைத் தாராளமாகக் கையாளுகின்றன. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த அரசு ஒன்றை ‘பாரியாஸ்டாட்’ என்பர். எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் அது ஓர் இலக்கியச் சொல், அவ்வளவே. ஒரு சாதியின் பெயர் அது என்பதும், அந்தச் சாதியினர் இன்றும் இலட்சக்கணக்கில் உயிரோடு வாழ்கின்றனர் என்பதும் அவர்கள் நினைவில் எழுவதில்லை.

எனக்கு விடை தெரியும். தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன். ஊரிலே ஏழெட்டு ஆண்டுகள் படிப்பித்தவன். இருந்தும் நா எழவில்லை. வகுப்பறை வாசலிலே பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்காகக் காத்து நின்றனர். “பிறகு சொல்லுறன் பிள்ளை” என்று கூறி, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். அந்தப் ‘பிறகு’ இப்போதுதான் வந்திருக்கிறது. அவளுக்கு வகுப்பிலே சொன்னதைச் சற்று விரித்து இங்கும் எழுதுகிறேன்.

பறை என்பது தோற்கருவி. பறையை அடிப்பவர் பறையர் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்வர். யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இன்னொரு வழக்கும் உண்டு. பறைதல் என்றால் நாம் பேசுதல் என்று பொருள் கொள்கிறோம். “என்ன பறையிறாய்?” என்று கேட்காத வீடு நம் ஊரில் இல்லை. ஊருக்குச் செய்தியை அறிவித்தல் என்ற பொருளிலிருந்தே பறை, பறைதல் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. நாள் முழுதும் பறைந்துகொண்டிருக்கும் நாம், பறை என்ற பெயர்ச்சொல்லை மட்டும் நாவில் எடுக்கக் கூசுகிறோம்.

இந்தக் கூச்சம் ஆதியில் இருந்ததாகத் தெரியவில்லை. புறநானூற்றின் 335ஆம் பாடல் மாங்குடி கிழார் பாடியது. அதிலே பறையன் என்ற பெயர் துடியன், பாணன் முதலிய பெயர்களோடு ஒருங்கே வைத்து எண்ணப்படுகிறது. ஊரின் பெருமைக்குரிய குடிகளுள் ஒன்றாகவே புலவர் அதனைச் சொல்கிறார். ஆயிரம் ஆண்டு கடந்து இராசராச சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளுக்கு வந்தால், அங்கே ‘பறைச்சேரி’ தனியே இருக்கிறது. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் இருக்கிறது. இவ்விரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சொல்லின் எழுத்து மாறவில்லை. அதைத் தாங்கிய மக்களின் நிலமும் நிலையும் மாறிவிட்டன.

மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். உயர்தர வகுப்பிலே நாம் எல்லோரும் மனனஞ் செய்த உதாரணம் ‘நாற்றம்’. ஒருகாலத்தில் மணத்தைக் குறித்த சொல் இன்று துர்நாற்றத்தை மட்டும் குறிக்கிறது. நானும் அதையே பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லி வந்தேன். பூவும் மணமும் எவரையும் நோகச் செய்யா. ஆசிரியருக்கு வசதியான உதாரணம். ஆனால் நாற்றம் தானாக இழிந்தது. பறையன் என்ற சொல் தானாக இழியவில்லை, இழிக்கப்பட்டது.

இனி, அது ஐரோப்பாவுக்கு வந்த கதை. 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் தம் குறிப்புகளில் இப்பெயரை எழுதத் தொடங்கினர். டென்மார்க்குக்கும் இக்கதையிற் பங்குண்டு. 1620இல் தஞ்சை நாயக்க மன்னரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்ற டேனியர், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அங்கே இருந்தனர். 1706இல் டெனிஷ் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு அங்கு வந்திறங்கித் தமிழ் கற்றார். தமிழிலே புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவரிடம் முதன்முதலிற் சேர்ந்தவர்களுள் பறையர் பலர். கிறிஸ்துவின் முன்னிலையில் எல்லோரும் சமம் என்று போதித்த அந்தத் திருச்சபையின் ஆலயத்தினுள்ளும் சூத்திரருக்கு ஓரிடம், பறையருக்கு வேறோரிடம் என்று பிரித்து இருத்தினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மதம் மாறினாலும் பாய் மாறவில்லை.

கப்பலேறிய சொல்லுக்கு ஐரோப்பாவிலே வேறொரு வாழ்வு கிடைத்தது. 1791இல் பெர்னார்டின் டி சான் பியேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ‘இந்தியக் குடிசை’ என்றொரு கதை எழுதினார். உண்மையைத் தேடி உலகமெல்லாம் அலையும் அறிஞன் அதனை ஒரு பறையனின் குடிசையிலே காண்கிறான் என்பது அக்கதை. 1821இல் பாரிசிலே ‘பாரியா’ என்ற பெயரில் நாடகம் ஒன்று மேடையேறிற்று. ஜெர்மனியில் மகாகவி கேதேயும் அத்தலைப்பிலே பாடினார். இவர்களுள் ஒருவரும் தமிழ்நாட்டின் சேரியொன்றைக் கண்டவரல்லர். ஆயினும் தத்தம் நாட்டிலே ஒடுக்கப்பட்டவர்களைக் குறிப்பதற்கு ஒரு சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தமிழ் அதனைக் கொடுத்தது. பெருமைப்படத்தக்க கொடையா என்பதை வாசகர்களே முடிவு செய்க.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியை நினைவுகூர வேண்டும். புளோரா திரிஸ்தான் என்பது அவர் பெயர். தாய் பிரெஞ்சுக்காரி, தந்தை பெரு நாட்டவர். பெற்றோரின் விவாகத்தைச் சட்டம் ஏற்காமையால் தந்தையின் சொத்தில் உரிமை மறுக்கப்பட்டவர். கொடுமைக்காரக் கணவனை விட்டு ஓடியமையால் சமூகத்தாலும் ஒதுக்கப்பட்டவர். அவர் 1838இல் தம் பிரயாண நூலை வெளியிட்டபோது தம்மையே ‘பாரியா’ என்று தலைப்பில் எழுதிக்கொண்டார். எவரும் அவரை அப்படி அழைக்குமுன் தாமே அழைத்துக்கொண்டார். பின்னர், யூதர் மீதான வெறுப்பு பிரான்சிலே கொழுந்துவிட்டெரிந்த 1890களில், பெர்னார்ட் லசார் என்ற யூத எழுத்தாளர், நாம் பாரியாக்கள் என்பதை அறிந்து அதனை ஏற்று நின்று போராட வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்காவிலே அகதியாக வாழ்ந்த ஹன்னா ஆரென்ட் 1944இல் அதே கருத்தை எடுத்து விரிவாக எழுதினார். யூதக் கனவான்கள் ஒதுக்கலை மறைத்து மேல்மக்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். லசாரோ மறைக்க மறுத்தார். அகதிகளாகிய நமக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரியும் யூதரும் இரவலாக எடுத்த சொல் அது. அதற்கு உரியவர்கள் என்ன செய்தார்கள்?

லசார் பாரிசில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையிலே இரட்டைமலை சீனிவாசன் என்பவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1893ஆம் ஆண்டு ஐப்பசி மாத அளவில் முதல் இதழ் வந்தது. அதன் பெயர் ‘பறையன்’.

அக்காலத்திலே இப்பெயரைப் பத்திரிகையின் முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது எத்தகைய காரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். படித்து உத்தியோகம் பார்த்த சிலர் தம் பிறப்பை மறைத்து, அயலவருக்கு வேறு சாதிப் பெயர் சொல்லி வாழ்ந்த காலம் அது. சீனிவாசனுக்கும் அவ்வழி திறந்தே இருந்தது. அவர் படித்தவர், கணக்கர் வேலை பார்த்தவர். தாம் இன்னார் என்று வெளிப்படையாகச் சொல்லாதவன் தனக்குரியதை எவ்வாறு கேட்பான் என்பதே அவருடைய எண்ணம். முதல் இதழில் நானூறு பிரதிகள் இரண்டு நாட்களில் விற்றுப்போயின என்று அவர் தம் வாழ்க்கைச் சுருக்கத்திலே எழுதியிருக்கிறார். மாத இதழாகத் தொடங்கிய ‘பறையன்’ சில மாதங்களில் வார இதழாயிற்று. 1896இல் பத்திரிகையில் வந்த கடிதம் ஒன்றுக்காக வழக்குப் போடப்பட்டு நூறு ரூபாய் அபராதமும் கட்டவேண்டி வந்தது. 1900இல் அவர் நாட்டைவிட்டுச் செல்லும் வரை பத்திரிகை நடந்தது. பின்னர் திரும்பிவந்து சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, 1930இல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார்.

பெயரை மட்டும் தூக்கிப் பிடித்த பத்திரிகை அது என்று நினைத்தல் தவறு. செங்கற்பட்டு மாவட்டத்துப் பறையரின் நிலைமை பற்றி ஆங்கிலேய கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, அதன் பயனாக 1892இல் நிலம் ஒதுக்க அரசாங்கம் ஆணை பிறப்பித்த காலம் அது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்றவை அவையே. காணி, கிணறு, பாடசாலை, தெரு என்பனவே ‘பறையன்’ எழுப்பிய கேள்விகள். முகப்பிலிருந்த பெயர் அந்தக் கேள்விகளைக் கேட்பவன் யார் என்பதைச் சொல்லிற்று.

இந்தப் பெயரை மிகக் கடுமையாக எதிர்த்தவர் சாதி இந்து எவருமல்லர். சீனிவாசனின் சொந்த மைத்துனராகிய அயோத்திதாசப் பண்டிதரே அவர். இதுவே இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. சித்த வைத்தியர், பன்மொழி அறிந்தவர், பெரும் படிப்பாளி. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின் போதே தம்மவரைப் பூர்வத் தமிழர் என்று பதியவேண்டும் என்று வாதாடியவர். ‘பறையன்’ என்பது நமது பெயரே அன்று. பகைவர் வஞ்சனையாற் சூட்டிய வசை. இம்மக்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தைக் கைவிடாமையாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் கொள்கை. 1898இல் கர்னல் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து சுமங்கல தேரரிடம் பௌத்தராகி, சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1907இல் அவரும் பத்திரிகை தொடங்கினார். ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று அதற்குப் பெயர். பின்னர் அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் இறக்கும் வரை அதை நடத்தினார்.

ஒரே குடும்பத்தினுள் இருவர். ஒருவர் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்று பேர், மற்றவர் பத்திரிகைக்குத் ‘தமிழன்’ என்று பேர். ஒருவர் எறிந்த கல்லைக் கையிற் பிடித்து இது என்னுடையது என்றார். மற்றவர் அந்தக் கல் என்மேற் பட்டதாகவே நான் ஏற்கமாட்டேன் என்றார். இருவரையும் படித்த பின்னரும் எவர் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பண்டிதரின் வரலாற்று ஊகங்களுள் சில இன்றைய ஆராய்ச்சிக்கு நிற்கமாட்டா. எனினும் ‘தமிழன்’ என்ற பெயரை முதலில் உரிமை கொண்டாடியவர்களுள் அவர் ஒருவர் என்பதை, அப்பெயரை நெஞ்சிலடித்துச் சொல்லும் நம்மிற் பலர் அறியார்.

அரசாங்கம் மூன்றாவது வழியிற் சென்றது. எம். சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதுமாறு ஆணையிட்டது. காந்தியடிகள் ‘அரிஜன்’ என்ற பெயரைப் பரப்பினார்; கடவுளின் பிள்ளைகள் என்றால் மற்றவர் எவர் பிள்ளைகள் என்ற கேள்வி எழுந்தது; அம்பேத்கரும் அவர் வழிவந்தோரும் அதனை ஏற்கவில்லை. புதுப் பெயரும் சில காலத்தில் பழைய பெயரின் அழுக்கைப் பூசிக்கொண்டது. இவ்வளவு ஏன்? ‘காலனி’ என்ற ஆங்கிலச் சொல்லில் என்ன சாதி இருக்கிறது? அதுவே தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் குடியிருப்பைக் குறித்துக் குறித்து ஈற்றில் வசையாகிவிட்டது. 2025ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், அரச ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டசபையிலே அறிவித்தார். பலகையை மாற்றலாம். பலகைக்குப் பின்னால் உள்ள தெருவை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது பலகை எழுதுபவர் கையில் இல்லை.

அப்படியானால் வசைச் சொல் எப்போது வசை தீரும்? நாம் குடியிருக்கும் விபோர்க்கிலேயே அதற்கொரு பழைய சான்று உண்டு. மார்ட்டின் லூதரின் எதிரிகள் அவரைப் பின்பற்றியவர்களை இழிவாகச் சுட்டியே ‘லூதரன்’ என்றனர். லூதருக்கே அப்பெயர் பிடிக்கவில்லை. தம் பெயராற் கட்சி கட்டவேண்டாமென்று 1522இல் எழுதினார். அந்தப் பெயருக்குரிய போதனையை இந்நகரில் ஹான்ஸ் தௌசன் பிரசங்கித்தார். 1526இல் மன்னர் முதலாம் பிரெடெரிக் அவருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்தார். 1536இல் நாடே அவ்வழிக்கு மாறிற்று. 1849இல் எழுதப்பட்ட டெனிஷ் அரசியலமைப்பு, எவாஞ்சலிக்க லூதரன் திருச்சபையே டென்மார்க் மக்களின் திருச்சபை என்று விதித்தது. வசை அரசியலமைப்பிலே ஏறியது. ஆனால் தௌசனின் பின்னால் மன்னர் நின்றார். இரட்டைமலை சீனிவாசனின் பின்னால் நின்றவர்கள் நிலமில்லாத கூலிகள். இரண்டு சொற்களும் ஒரே வேகத்திற் கழுவப்படவில்லை என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மன்னர் துணை இல்லாமலும் நடந்ததுண்டு. தன்பாலீர்ப்பு உடைய ஆண்களை டெனிஷ் மொழியில் இழிவாகச் சுட்டிய சொல் ‘பூசெ’. 1971இல் அவர்களே அச்சொல்லைத் தம் விடுதலை முன்னணியின் பெயரிலே வைத்துத் தெருவில் இறங்கினர். இன்று அது செய்தி வாசிப்பவரும் சொல்லும் சாதாரண சொல். இதை இப்பத்திரிகையில் எழுதலாமா என்று முகஞ் சுளிக்கும் வாசகர்கள் பொறுத்தருள்க. மொழியின் வரலாறு நம் விருப்பு வெறுப்பைக் கேட்டு நடப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கேதான் பேனா தயங்குகிறது.

யாழ்ப்பாணத்திலே ‘பறையன்’ என்று எவரும் பத்திரிகை நடத்தியதாக நான் அறியேன். ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் 1927இல் தோன்றியது. 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை. பெயர்களைக் கவனியுங்கள். எந்தச் சாதிப் பெயரும் வெளியே தெரியாத, பண்பான பெயர்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் சென்றது, பொலிசார் அடித்தார்கள், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே போராட்டம் நடந்தது. தேநீர்க் கடையும் கோயிலும் இவ்வாறுதான் திறந்தன.

இலக்கியத்திலே மட்டும் ஒரு பெயர் துணிவோடு எழுந்தது. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் தம் மக்களின் பேச்சு மொழியிலே எழுதத் தொடங்கியபோது, அதனை ‘இழிசனர் இலக்கியம்’ என்று படித்தவர்கள் எள்ளினர். ஜீவா சளைக்கவில்லை. யாழ்ப்பாண நகரிலே தம் முடிதிருத்தும் கடையிலிருந்தே எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். தாம் யார் என்பதை எந்த மேடையிலும் அவர் மறைத்ததில்லை. சிறுவயதிலே ஆசிரியர் ஒருவர் தொழிலைச் சொல்லி ஏசியதாலேயே பள்ளியை விட்டதாக அவர் எழுதியதை நான் ஓர் ஆசிரியனாக இருந்துகொண்டு படித்தேன். டானியல் 1972இல் வெளியிட்ட நாவலுக்குப் ‘பஞ்சமர்’ என்றே பெயரிட்டார். நால்வகை வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்ட ஐந்தாமவர் என்ற அப்பெயரை, யாழ்ப்பாணத்திலே தீண்டப்படாத ஐந்து சாதிகளையும் ஒன்றுசேர்க்கும் பெயராக அவர் திருப்பிப் பிடித்தார். ‘இழிசனர் இலக்கியம்’ என்று சொன்ன கட்டுரைகளை இன்று தேடிப் படிப்பார் இல்லை. ‘பஞ்சமர்’ மீண்டும் மீண்டும் அச்சாகிறது.

நான் படிப்பித்த பாடசாலையிலே ஆசிரியர் அறையில் கேட்ட ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். கணிதத்திலே அதிக புள்ளி எடுத்த மாணவன் ஒருவனின் பெயரை வாசித்தபோது, சக ஆசிரியர் ஒருவர், அவனுடைய தகப்பன் செத்த வீடுகளிலே என்ன அடித்தான் என்பதைச் சொல்லிச் சிரித்தார். நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் புள்ளிப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அங்கே இருந்த அனைவரும் பட்டதாரிகள்.

மலையக மக்களைக் ‘கள்ளத்தோணி’ என்றும் ‘தோட்டக்காட்டான்’ என்றும் நம்மவர் சொன்னதும் இதே வாய்தான். காலம் சுழன்றது. கள்ளப் பாஸ்போட்டோடு எல்லை கடந்து, இந்நாட்டு முகாம்களிலே விரல் பதித்து, ‘அகதி’ என்ற பெயரைத் தாங்கியபோது, சொல் ஒன்று எப்படிக் கனக்கும் என்பதை நாமும் அறிந்தோம். அந்தச் சொல்லை நாமே நம் பத்திரிகைகளிலே எழுதி எழுதித்தான் கூச்சம் தெளிந்தோம். மலையக மக்களோ ‘மலையகத் தமிழர்’ என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். 2023இல், வந்து 200 ஆண்டு நிறைந்ததைக் குறித்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள்.

தமிழ்நாட்டிலே சொல் இன்னும் புண்ணாகவே இருக்கிறது. ஆனால் பறை என்ற கருவி எழுந்துவிட்டது. 1972இல் மும்பையிலே இளைஞர்கள் ‘தலித் சிறுத்தைகள்’ என்று இயக்கம் கண்டார்கள். தலித் என்றால் நசுக்கப்பட்டவன். அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் இயக்கப் பெயரைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்த அலை 1990களில் தமிழகத்தை வந்தடைந்தபோது, சாவு வீட்டிலே கூலிக்கு அடிக்க மாட்டோம், மேடையிலே கலையாக அடிப்போம் என்ற குரல் எழுந்தது. பறை அடிப்பதையே விட்டுவிட வேண்டும், அதுவே அடிமைத்தனத்தின் அடையாளம் என்று அதே சமூகத்தினுள் வாதாடியவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சீனிவாசனும் பண்டிதரும் நடத்திய வழக்கு முடியவில்லை என்றே சொல்ல வேண்டும். 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. ஆயினும், பொது இடத்திலே ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தல் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம். இவ்விரண்டும் முரண்படவில்லை. அந்தப் பெயரைத் தலைப்பில் அச்சிடும் உரிமை இரட்டைமலை சீனிவாசனுக்கு இருந்தது. அதை எடுத்து அடுத்தவன் மேல் எறியும் உரிமை எனக்கு இல்லை. அவருக்காக அதை நான் கழுவித் தருகிறேன் என்று புறப்படும் உரிமையும் எனக்கு இல்லை.

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். முழு வகுப்பும் கேட்டது. பெரிய பிள்ளைகள் சிலர், நமது ஆண்டு விழாவிலே பறையாட்டம் ஆடலாமா என்று கேட்டார்கள். இலண்டனிலும் கனடாவிலும் தமிழ்ப் பிள்ளைகள் ஆடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்திலே இதைச் சொன்னபோது, “அது செத்த வீட்டு மேளம், விழாவிலை என்னத்துக்கு?” என்றார் ஒருவர். “தமிழற்றை ஆதி இசை எண்டு இப்ப எல்லாரும் சொல்லுகினம்” என்றார் இன்னொருவர். ஆதி இசை என்றவர் அதை அடித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதலாமவரின் வெறுப்பை விட இந்தப் பெருமை எனக்குக் கூடுதலாக உறுத்தியது. நம் ஊரிலே அடித்தது தோளிற் கொழுவும் இருபக்கப் பறை. பிள்ளைகள் பார்த்தது தமிழ்நாட்டின் ஒருபக்கப் பறை. அந்த வேறுபாடு கூட அக்கூட்டத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஈற்றில், நிகழ்ச்சிக்கு முன் பறையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும், அதில் அதை அடித்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பேச்சை அந்தப் பிள்ளையே டெனிஷிலும் தமிழிலும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள்:

“சேர், எங்கடை ஊரிலை அடிச்ச ஆக்கள் இப்ப எங்கை? இஞ்சை ஒருத்தரும் வரேல்லையோ?”

வந்திருப்பார்கள் என்றேன். ஏன் சொல்லுகினமில்லை என்று கேட்டாள். அதற்கு நான் விடை சொல்லும் முன் அவளே தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விழா நாளன்று மண்டபத்திலே ஒரு சிக்கல் வந்தது. தோற்பறையைத் தீயிற் காய்ச்சினாற்றான் நாதம் ஏறும், வெளியே பனி, உள்ளே தீ மூட்ட அனுமதி இல்லை. பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வட்டமாக இருந்து, தலைமயிர் உலர்த்தும் கருவி இரண்டைப் பிடித்துக்கொண்டு, முறை வைத்துத் தோலைச் சூடாக்கினார்கள். முதலில், விழாவிலே வேண்டாம் என்று சொன்னவர் மின்கம்பி எட்டவில்லை என்று கண்டு, தன் காரிலிருந்து நீட்டுக்கம்பி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.